ஓவர்ஹெட் பிரிட்ஜுக்கு நாங்கள் ஏன் கையெழுத்து வைக்கவில்லை?

 

நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். வாசித்த பிறகு ஏசுவதென்றால் ஏசுங்கள், கேட்டுக்கொள்கிறோம்.

இரண்டு கிழமையாக பாமன்கடைக் கடைகளில் ஒரு தாள் சுற்றுகிறது. சந்திக்குக் கிட்ட பாதசாரிகளுக்கு ஒரு ஓவர்ஹெட் பிரிட்ஜ் வேண்டும் என்று கேட்கும் மனு. ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது எங்களிடமும் நீட்டினார்கள். நாங்கள், அதாவது இந்தப் பகுதியில் படிப்பிக்கும் சிலரும் ஒழுங்கையில் இருக்கும் சில குடும்பங்களும், கையெழுத்து வைக்கவில்லை. அன்று இரவே போன் வந்துவிட்டது. "படிப்பிக்கிற நீங்களே இப்படிச் செஞ்சா எப்படி?" அதற்குத்தான் இந்தப் பதில்.

மனு ஏன் வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். போன மாதம் மஃரிபுக்குப் பிறகு எங்கள் ஒழுங்கை உம்மா ஒருவர் பாண் வாங்கிக்கொண்டு வீதியைக் கடந்தார். மஞ்சள் கோட்டில்தான் கடந்தார். பஸ் ஒன்று நிறுத்தி வழிவிட்டது. பஸ்ஸுக்குப் பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் பொறுக்கவில்லை, பஸ்ஸைச் சுற்றி எடுத்தது. உம்மாவின் இடுப்பெலும்பு உடைந்தது. அல்ஹம்துலில்லாஹ், உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் இனி தனியாக நடப்பாரா என்று தெரியாது.

அதற்கு நமது வட்ஸ்அப் குழுவில் வந்த முதல் மூன்று பதில்களைச் சொல்கிறோம், பெயர் சொல்லவில்லை. "இருட்டில ஏன் வெளியே போகணும்?" "பாத்துப் போகத் தெரியாதா?" "வயசான ஆக்களை ஏன் தனியா விடுறீங்க?" மோட்டார் சைக்கிளைப் பற்றி முதல் வார்த்தை பத்தாவது பதிலில்தான் வந்தது.

எல்லாளன் கதையை நாங்கள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். மகாவம்சத்திலும் இருக்கிற கதை. இளவரசனின் தேர்ச் சக்கரத்தில் கன்று அகப்பட்டுச் செத்தது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. கன்று ஏன் கவனமில்லாமல் வீதிக்கு வந்தது என்று அரசன் கேட்கவில்லை. தேர் ஓட்டியவனைத்தான் கேட்டான், அவன் தன் மகன் என்று தெரிந்தும். தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் கேட்டு வளரும் கதை இது. வளர்ந்த பிறகு நாம் கன்றைப் பார்த்துக் கேட்கிறோம்.

இந்த மனுவும் அதே கேள்வியைத்தான் மரியாதையாகக் கேட்கிறது. தேர் அப்படியே ஓடட்டும், கன்று மாடிப்படி ஏறிப் போகட்டும் என்கிறது.

கணக்கைப் பாருங்கள். கீழே பஸ்ஸும் கொள்கலன் லொறியும் போக இடம் வேண்டுமென்றால் பாலம் குறைந்தது ஐந்து மீற்றர் உயரத்தில் நிற்க வேண்டும். ஏறுவதற்கு முப்பத்தைந்து படி வரும், இறங்குவதற்கும் அவ்வளவு. ஒரு பாணுக்கு எழுபது படி, திரும்பி வர இன்னும் எழுபது. முழங்கால் வலியோடு ஐந்து வேளையும் கதிரையில் இருந்து தொழும் உம்மாமாரை இந்தப் படியில் ஏற்றிப் பார்க்கவா கையெழுத்துக் கேட்கிறீர்கள்? கைக்குழந்தையோடு வருபவர், ஒன்பது மாதக் கர்ப்பிணி, சக்கர நாற்காலியில் போகிறவர் எல்லாம் எங்கே போவார்கள்?

லிஃப்ட் வைக்கலாமே என்று ஒரு தம்பி சொன்னார். 2022 இல் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் மின்சாரம் போன நாடு இது, தம்பி. மின்சாரம் இருந்தாலும், பொது இடத்து லிஃப்ட் எத்தனை மாதம் ஓடும் என்று உங்களுக்கே தெரியும்.

பாலம் கட்டினால் அதோடு முடியாது. அடுத்ததாக வீதி நடுவில் கம்பிவேலி வரும். மஞ்சள் கோட்டை அழிப்பார்கள். கடக்க ஆள் இல்லை என்று கண்டதும் வாகனம் இன்னும் வேகமெடுக்கும். வேலியின் இடைவெளிக்குள்ளால் நுழைந்து ஓடுகிறவர் அடிபட்டால், "பாலம் இருக்கத்தக்கதாகக் கீழால் போனது அவருடைய பிழை" என்று சட்டமும் சொல்லும், நாமும் சொல்வோம். மெக்சிக்கோ நகரம் இப்படிக் கட்டிய பாலங்களில் சிலவற்றைக் கழற்றிவிட்டுத் தரையிலேயே கடவை போட்டிருக்கிறது. அங்கே கழற்றுவதை நாம் இங்கே கையெழுத்து வைத்துக் கேட்கிறோம்.

வேகத்தைப் பற்றி ஒரு வகுப்புக் கணக்கு. மணிக்கு 50 கிலோமீற்றரில் வரும் கார் ஒரு செக்கனில் ஏறக்குறைய 14 மீற்றர் போகும். ஆளைக் கண்டு காலை பிரேக்கில் வைக்க ஒரு செக்கன். பிறகு காய்ந்த வீதியில் நிற்க இன்னும் 14 மீற்றர். மொத்தம் 28. அதே கார் 30 இல் வந்தால் மொத்தம் 13 மீற்றரில் நின்றுவிடும். ஒரு பிள்ளை 14 மீற்றர் முன்னால் வீதிக்கு இறங்குகிறது என்று வையுங்கள். 30 இல் வந்தவர் பிள்ளைக்கு முன்னால் நின்று ஏசிவிட்டுப் போவார். 50 இல் வந்தவர் பிள்ளை மேல் மோதும்போதுதான் பிரேக்கை அமத்தத் தொடங்குவார். 2020 பெப்ரவரியில் ஸ்டொக்ஹோமில் கூடிய உலக நாடுகளின் வீதிப் பாதுகாப்பு மாநாடு, ஆட்களும் வாகனமும் கலந்து போகும் இடங்களில் 30 தான் உச்ச வேகம் என்று பிரகடனம் செய்ததற்குக் காரணம் இதுதான். நமது ஊர்ப்புற வீதிகளில் காருக்கு இன்னும் 50. இலங்கை வீதிகளில் வருடத்துக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சாகிறார்கள். அதில் பெரும் பங்கு நடந்து போகிறவர்கள்.

இனி யானைக் கதைக்கு வருகிறோம். பாமன்கடைக்கும் யானைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். கடவை எப்படிக் கட்டுவது என்பதை இன்றைக்கு உலகத்தில் மிருகங்களுக்காக வேலை செய்கிறவர்கள்தான் சரியாகப் படித்திருக்கிறார்கள்.

இந்தியாவில் நாக்பூருக்கும் சிவனிக்கும் இடையில் பெஞ்ச் புலிக் காட்டுக்குள்ளால் 44 ஆம் இலக்க நெடுஞ்சாலை போகிறது. அதை அகலமாக்கப் போனபோது பல வருடம் வழக்கு நடந்தது. கடைசியில் ஒன்பது இடங்களில் வீதியைத் தூக்கி, கீழே மிருகங்களுக்கு வழி விட்டார்கள். ஒன்றின் அகலம் 750 மீற்றர். 2019 இல் கமராவில் பார்த்தபோது 18 வகைக் காட்டு மிருகங்கள் அதற்குள்ளால் போயிருந்தன, புலி உட்பட. ஏன் போயின? மிருகம் ஏற்கெனவே நடந்த தடத்திலேயே வழி விட்டார்கள். தரை மட்டம் மாறவில்லை, படி இல்லை. ஏறி இறங்கும் வேலையை வீதிக்குக் கொடுத்தார்கள்.

புலிக்கு அறிவிப்புப் பலகை வாசிக்கத் தெரியாது. அதனால் பொறியியலாளர் புலியின் காலடியைப் பார்த்து வரைபடம் போடுகிறார். உம்மாவுக்கு வாசிக்கத் தெரியும் என்பதற்காக, "மேம்பாலத்தைப் பயன்படுத்தவும்" என்று பலகை அடித்துவிட்டுப் போகிறார். புலிக்குக் கொடுக்கும் மரியாதையைத்தான் எங்கள் உம்மாவுக்கும் கேட்கிறோம்.

நமது நாட்டில் மிருகத்துக்கும் அந்த மரியாதை கிடைப்பது அரிது என்பது வேறு கதை. 2025 பெப்ரவரி 20 விடியப்புறம் ஹபரணைப் பக்கம் கல்ஓயாவில் மட்டக்களப்பு ரயில் யானைக் கூட்டத்தில் மோதி ஆறு யானைகள் செத்தன. ரயில் தடம் புரண்டது. கோயம்புத்தூர்ப் பக்கம் 2021 நவம்பரில் இப்படி மூன்று யானைகள் ஒரே இரவில் செத்தன. அதற்குப் பிறகு எட்டிமடைக்கும் வாளையாருக்கும் இடையில் தண்டவாளத்துக்குக் கீழால் யானைக்கு வழி வெட்டினார்கள். மதுக்கரையில் 2024 பெப்ரவரியில் கமராக் கோபுரங்கள் வைத்து, யானை தண்டவாளத்துக்குக் கிட்ட வந்தால் உடனே செய்தி போகும்படி செய்தார்கள். அங்கே செய்ததை இங்கே செய்ய முடியாது என்று யாரும் சொல்ல முடியாது.

யானை தூரத்தில். நமது வாசலில் என்ன இருக்கிறது? கால்வாய். வெள்ளவத்தைக் கால்வாயும் தெஹிவளைக் கால்வாயும் நமது இரண்டு பக்கத்தாலும் கடலுக்குப் போகின்றன. நாற்றத்துக்கும் நுளம்புக்கும்தான் அதை நாம் ஞாபகம் வைத்திருக்கிறோம். ஆனால் கொழும்பின் கால்வாயும் சதுப்பு நிலமும் மீன்பிடிப் பூனை நடமாடும் பாதை. சிங்களத்தில் ஹந்துன் திவியா என்பார்கள். உலகத்திலேயே குறைந்துபோன மிருகம் அது. இந்த மாநகரத்துக்குள் வீட்டுக் கூரைக்கும் கால்வாய்க் கரைக்கும் இடையில் அது வாழ்கிறது என்பதை ஆராய்ச்சியாளர்கள் கழுத்துப்பட்டி மாட்டிக் கண்டுபிடித்தார்கள். இலங்கையில் அதைக் கொல்வதில் முன்னால் நிற்பவற்றில் ஒன்று வாகனம். 2018 இல் கொழும்புக்கு ராம்சார் ஈரநில நகரம் என்று பட்டம் கிடைத்தபோது நாம் எல்லோரும் பெருமைப்பட்டோம். அந்த நகரத்தில் பூனை வீதி கடக்க வழி இல்லை. மழை நாளில் கால்வாயிலிருந்து ஏறிவரும் கபரகொய்யா காலையில் பஸ் சக்கரத்தில் தட்டையாகிக் கிடப்பதை நமது பிள்ளைகள் தாண்டிப் போகிறார்கள். முதலில் முகம் சுளித்தவர்கள் இப்போது பார்ப்பதும் இல்லை. எங்களுக்கு அதுதான் கவலை.

இதற்குப் பெரிய காசு தேவையில்லை. நெதர்லாந்திலும் இங்கிலாந்திலும் நீர்நாய்க்காகப் பாலத்தின் அடியில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே, சுவரோடு ஒட்டி ஒரு ஒடுங்கிய தட்டுப் போடுகிறார்கள். பாலத்துக்குக் கீழே காய்ந்த தரை கிடைத்தால் மிருகம் வீதிக்கு ஏறாது. வெள்ளத் தண்ணீர் போகும் இடத்தை அடைக்கக் கூடாது என்பது நமக்குத் தெரியும். கால்வாய் நிரம்பினால் முதலில் நனைவது நமது வீடுதான். ஒரு முழ அகலத் தட்டு வெள்ளத்தை மறிக்காது. இனிப் பாலம் திருத்தும்போது அதையும் சேர்த்துப் போடச் சொல்வோம். உயரம் இருக்கும் பாலத்தில் ஆட்களுக்கும் கீழால் நடைபாதை போடலாம், வெளிச்சத்தோடு.

இன்னுமொரு கடவையை எல்லோரும் மறந்துவிடுகிறோம். பின்னேரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போகும்போது மரைன் டிரைவைத் தாண்டி இரட்டைத் தண்டவாளத்தையும் தாண்டுகிறோம். ஒரு ரயில் போய் முடிந்ததும் கால் வைக்கிறோம். மற்றப் பாதையில் எதிர்ப்பக்கம் வருவதை அந்த ரயிலே மறைத்துவிடும், கடல் இரைச்சலில் சத்தமும் கேட்காது. மக்கள் கடக்கும் ஒழுங்கை முனைகளில் மணியும் சிவப்பு விளக்கும் தடுப்பும் வேண்டும். "தண்டவாளத்தில் நடப்பது குற்றம்" என்ற பலகையால் இதுவரை யார் கடலுக்குப் போகாமல் நின்றார்?

ஆக, பாமன்கடையிலிருந்து கடலுக்கு நடக்கும் ஒருவருக்கு நான்கு எஜமானர்கள். காலி வீதி வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கு. ஒழுங்கைகள் மாநகர சபைக்கு. தண்டவாளம் ரயில்வே திணைக்களத்துக்கு. கால்வாய் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்துக்கு. நடக்கிறவரின் கால் மட்டும் ஒன்றுதான். அதனால் ஒரே கடிதத்தை நான்கு பேருக்கும் அனுப்புகிறோம், ஒவ்வொருவரும் மற்றவரைக் கை காட்டாமல் இருக்க.

அதில் நாங்கள் கேட்பது: மஞ்சள் கோட்டை வீதியிலிருந்து நடைபாதை உயரத்துக்குத் தூக்கிக் கட்ட வேண்டும். அப்போது உம்மா இறங்க வேண்டியதில்லை, வாகனம்தான் ஏறி இறங்க வேண்டும், தானாக மெதுவாகும். அகலமான வீதியில் நடுவில் நிற்க ஒரு திட்டு. கடவைக்கு இரண்டு பக்கமும் வாகனம் நிறுத்தக் கூடாது, அது காகிதத்தில் இருந்தால் போதாது, கல் நட்டு மறிக்க வேண்டும். பஸ் தரிப்பிடம் கடவைக்கு முன்னால் இருக்கக் கூடாது, கடந்த பிறகு இருக்க வேண்டும். பாடசாலை, பள்ளிவாசல், கோவில், பன்சல இருக்கும் துண்டுகளில் 30.

கடைக்கார அண்ணைமாரும் நானாமாரும் கோபிக்க வேண்டாம். கடவையை மறைத்து நிற்கும் வான்களில் பாதி நமது வாடிக்கையாளர்களுடையது. ஜும்ஆ நேரத்தில் நாமே மஞ்சள் கோட்டில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே போய் முதல் சஃப்பில் நிற்கிறோம். உமர் (ரலி) அவர்கள் இராக்கில் ஒரு கோவேறு கழுதை தடுக்கி விழுந்தாலும், பாதையை ஏன் செப்பனிடவில்லை என்று தன்னிடம் கேள்வி வரும் எனப் பயந்ததாகப் பயான்களில் கேட்டு அழுகிறோம். அவர் மதீனாவில் இருந்துகொண்டு இராக்கின் பாதைக்குப் பயந்தார். நாம் வெளியே வந்து பார்த்தால் நமது சைக்கிளைச் சுற்றிக்கொண்டு ஒரு தாய் பிள்ளையோடு வீதி நடுவில் நடக்கிறார்.

ஓவர்ஹெட் பிரிட்ஜ் மனுவைக் கொண்டுபோன தம்பிமார் கெட்டவர்கள் இல்லை. உம்மாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனவர்களில் இருவர் அவர்களில்தான். அவர்களோடு நேற்று இருந்து கதைத்தோம். ஒருவர் ஒத்துக்கொண்டார், மற்றவர் இன்னும் இல்லை. பரவாயில்லை.

வருகிற திங்கள் முதல் வெள்ளி வரை, காலை ஆறரையிலிருந்து எட்டு மணி வரை, சந்தியில் நின்று கணக்கெடுக்கப் போகிறோம்: எத்தனை பேர் கடக்கிறார்கள், எந்த இடத்தால் கடக்கிறார்கள், எத்தனை வாகனம் நிறுத்துகிறது, எத்தனை நிறுத்தாமல் போகிறது. மேல் வகுப்புப் பிள்ளைகள் வருகிறார்கள். பெரியவர்கள் பத்துப் பேர் தேவை, ஆணோ பெண்ணோ. செத்துக் கிடக்கும் கபரகொய்யா, மரநாய், பூனை எதைக் கண்டாலும் இடத்தையும் நேரத்தையும் எழுதி, படம் எடுத்து அனுப்புங்கள், அதையும் சேர்த்து வைக்கிறோம். புதிய கடிதம் சனிக்கிழமை முதல் கடைகளில் இருக்கும். ஏற்கெனவே பழைய தாளில் கையெழுத்து வைத்தவர்களும் வைக்கலாம். வரக்கூடியவர்கள் கீழே பெயரைப் போடுங்கள்.