முளை அடிக்கும் முன்...



சர்வே கேம்ப் என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது பஸ்ஸில் பாட்டு, ராத்திரி அரட்டை, ஹாஸ்டல் சாம்பாரிலிருந்து பத்து நாள் விடுதலை. அதெல்லாம் வேண்டாம் என்று சொல்ல நான் சாமியார் அல்ல. ஆனால் நம் மூன்று வருடப் படிப்பில் நாலு சுவரைத் தாண்டி, மனிதர்கள் வாழும் இடத்துக்கே போய்ச் செய்கிற வேலை இந்தக் களப்பணிதான். அதை நாம் செய்கிற லட்சணத்தைப் பற்றி இந்த மலரில் யாராவது எழுதத்தானே வேண்டும்?

முதலில் 'சமையல்' பற்றி. லெவல் புக்கில் நடக்கும் சமையலைத்தான் சொல்கிறேன். பேக் சைட் கூட்டுத்தொகையிலிருந்து ஃபோர் சைட் கூட்டுத்தொகையைக் கழித்தால், கடைசிப் புள்ளியின் மட்டத்துக்கும் முதல் புள்ளியின் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் வர வேண்டும். வந்துவிட்டால் 'செக் டாலி ஆயிடுச்சுடா' என்று துள்ளுகிறோம். அது நம் கூட்டல் கழித்தல் சரி என்று மட்டுமே சொல்லும்; வயலில் படித்த அளவு சரியா என்று சொல்லாது. மரத்தடியில் உட்கார்ந்து இஷ்டத்துக்கு எழுதிய எண்களும் அழகாக டாலி ஆகும்! உண்மை தெரிய வேண்டுமானால் புறப்பட்ட பெஞ்ச் மார்க்குக்கே திரும்பி வந்து முடிக்க வேண்டும். ஒரு கிலோமீட்டர் சுற்றி வந்தால் சாதாரண லெவலிங்கில் ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் வரை பிழை அனுமதி உண்டு. பிழை வருவது குற்றம் இல்லை என்று புத்தகமே சொல்கிறது. அப்புறம் எதற்கு நாம் பூஜ்யம் வரும்படி சமைக்கிறோம்?

நமக்குக் கஷ்டம் இல்லாமல் இல்லை. பதினோரு மணிக்கு மேல் கானலில் ஸ்டாஃப் எண்கள் நெளிகின்றன. ஸ்டாஃப் பிடிக்கிறவன் வெயிலுக்குச் சாய்ந்தால் அளவு கூடிவிடும். இதற்கு மருந்து விடியற்காலையில் கிளம்புவதுதான். அதுதான் நமக்குக் கசக்கிறது. லாம்டன் துரையை நினைத்துப் பாருங்கள். 1802-ல் சென்னை பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் அடிக்கோட்டை அளக்க அவருக்கு 57 நாள் ஆனது. 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் அரை டன் தியோடலைட்டை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி நசுங்கியது. மனுஷர் உட்கார்ந்து வாரக்கணக்கில் தட்டி நிமிர்த்தி மறுபடி அளந்தார். இப்போது டோட்டல் ஸ்டேஷன் வந்துவிட்டது, பொத்தானை அழுத்தினால் தூரம் தெரிகிறது. சமையல் மட்டும் நின்றபாடில்லை.

லாம்டனின் பொறுமையைப் புகழ்ந்தாலும், அந்த அளவையெல்லாம் கம்பெனி ஆட்சிக்குக் கைகொடுத்தது என்பதையும் மறக்க முடியாது. முக்காலியோடு ஒருவன் வரப்பில் வந்து நின்றால் நிலத்துக்காரனுக்கு வயிறு கலங்குவது சும்மா இல்லை. 2018-ல் சேலம் - சென்னை எட்டுவழிச் சாலைக்கு நிலம் அளந்து கல் நட்டபோது ஜனங்கள் மறித்ததும் அழுததும் எல்லோருக்கும் தெரியும். 2019 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் அந்த நில எடுப்பு அறிவிக்கையை ரத்து செய்தது, வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. இதெல்லாம் கிராமத்தில் யாருக்கும் மறக்கவில்லை.

எங்கள் கேம்பில் ஒரு கடலைக்காட்டு ஓரம் லெவலை நிறுத்தினோம். காட்டுக்காரப் பாட்டி வந்து, "ஏன் தம்பி, ரோடு வருதா? எங்களுக்கு இது ஒண்ணுதான் கண்ணு" என்றார். கூட இருந்த ஒருவன் விளையாட்டாக, "ஆமா பாட்டி, எட்டு வழி" என்று சொல்லிச் சிரித்தான். நான் உடனே, "இல்ல பாட்டி, நாங்க பாலிடெக்னிக் பசங்க, படிப்புக்காக அளக்கறோம், நாளைக்கு போயிடுவோம்" என்றேன். பாட்டி தலையை ஆட்டினார். ஆனால் சாப்பிட வீட்டுக்குப் போகவில்லை. சாயங்காலம் கருவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டும்வரை வரப்பிலேயே உட்கார்ந்திருந்தார். முதலில் கேட்ட பொய்யை அடுத்து வந்த உண்மையால் துடைக்க முடியவில்லை.

எனக்கு அது உறைத்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா கொத்தனார். அரை ஏக்கர் மானாவாரி இருக்கிறது. சங்கிலியோ டேப்போ எடுத்துக்கொண்டு யாராவது தெருவில் வந்தால் அம்மா முதலில் செய்வது, டிரங்குப் பெட்டியில் பட்டா இருக்கிறதா என்று பார்ப்பதுதான்.

படிவம் எடுத்துப் போகிற கிராமக் கணக்கெடுப்பும் இப்படித்தான். வீட்டுக்கு வந்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் நிற்கும்போதே "கடன் எவ்வளவு? கக்கூஸ் இருக்கா?" என்று கேட்கிறார்கள். சிலர் ஆதார் எண்ணும் கேட்கிறார்கள். எதற்கு? பிராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு அது எதற்கு ஐயா? அம்மா பதில் சொல்லும்முன் மனசுக்குள் ஒரு கணக்குப் போடுவார். கூடச் சொன்னால் ரேஷன் கார்டு போய்விடுமோ, குறைச்சுச் சொன்னால் கேவலமோ என்று. யார் கேட்கிறார்கள், எதற்கு என்று சொல்லாமல் கேட்டால் இப்படிப்பட்ட பதில்தான் கிடைக்கும். அதை வைத்து நாம் பை சார்ட் போட்டுக் கலர் அடிக்கிறோம்!

இந்த வேலை நம் மாநிலத்துக்குப் புதுசும் இல்லை. 1916-ல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் மாணவர்களை வைத்து இருவேல்பட்டு, கங்கைகொண்டான் போன்ற கிராமங்களை விவரமாக எழுத வைத்தார். 1918-ல் புத்தகமாக வந்தது. இருபது வருடம் கழித்து அதே கிராமங்களுக்கு வேறு ஆட்கள் போய், என்ன மாறியது என்று பார்த்தார்கள். அந்த முதல் மாணவர்கள் மரத்தடியில் உட்கார்ந்து நிரப்பியிருந்தால்? பின்னால் வந்தவர்கள் பொய்யோடு மெய்யை ஒப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

இன்னொன்று. நம் பிரிவுத் தோழிகளுக்குக் கேம்பில் கிடைப்பது பெரும்பாலும் லெவல் புக் எழுதும் வேலைதான், கையெழுத்து நன்றாக இருக்கிறதாம்! கருவிக்குப் பின்னால் நிற்பது நாம். பிறகு வைவாவில் 'டெம்பரரி அட்ஜஸ்ட்மென்ட் சொல்லும்மா' என்றால் அவர்கள் எங்கே போவார்கள்? கழிப்பிடம் இல்லாத இடத்தில் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் நின்றதை யாரும் ரிப்போர்ட்டில் எழுதவும் இல்லை.

அதனால் வரும் வருடக் கேம்புக்கு முன் நம் மாணவர் சங்கம் ஒரு காரியம் செய்யலாம். நாம் யார், எத்தனை நாள் இருப்போம், உங்கள் நிலத்துக்கும் இந்த அளவைக்கும் சம்பந்தம் இல்லை என்று தமிழில் ஒரு பக்கம் அச்சடித்து, முதல் நாளே பஞ்சாயத்து போர்டிலும் டீக்கடையிலும் ஒட்ட வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கு நாமே படித்துக் காட்ட வேண்டும். ஊர் மேப்பில் ஒரு காப்பி பஞ்சாயத்துக்கு. செலவு நூறு ரூபாய் ஜெராக்ஸ், அவ்வளவுதான். கடைசி நாள் பஸ் ஏறும் முன் வயலில் அடித்த முளைகளை எண்ணிப் பிடுங்கிவிட்டு, சுவரில் பெயிண்டால் எழுதிய ஸ்டேஷன் நம்பர்களையும் அழித்துவிட்டு வர வேண்டும். மாட்டுக் குளம்பில் ஏறும் அந்த முளை யார் அடித்தது என்று ஊருக்குத் தெரியும்.

- மூன்றாமாண்டு சிவில் மாணவன்