பொறியும் படமும்

தமிழில் 'பொறி' என்னும் சொல் பல பொருள் தரும். நெருப்பிலிருந்து தெறித்து விழும் துகள் பொறி. மெய், வாய், கண், மூக்கு, செவி ஆகிய ஐந்தும் ஐம்பொறிகள். எலியைப் பிடிப்பதும் பொறி. நூலை அச்சிடுவதும் பொறி. படம் எடுக்கும் கருவியும் பொறியே. கல்லில் எழுத்தை வெட்டுதலைப் 'பொறித்தல்' என்கிறோம். மறந்திருந்த ஒன்று திடீரென நினைவுக்கு வந்தால் 'பொறி தட்டியது' என்கிறோம். ஆகவே தீப்பொறியைப் படம்பிடிப்பவர் ஒரே சொல்லின் மூன்று பொருள்களை ஒரே நொடியில் ஆள்கிறார்: கண் என்னும் பொறியால் கண்டதைக் கருவி என்னும் பொறியில் பதிக்கிறார்; பதிக்கப்படுவதும் பொறிதான்.

பெருங்கடவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆகிய எல்லைப் பகுதிகளில் தமிழும் மலையாளமும் அண்டை வீட்டாராக வாழ்கின்றன. மலையாளத்தில் இச்சொல்லை 'தீப்பொரி' என்று இடையின ரகரம் இட்டு எழுதுவர். தமிழில் பொரி என்பது உண்ணும் பொரி. அப்பகுதி மாணவர்கள் தேர்வில் 'தீப்பொரி' என்று எழுதிவிடுவது இதனால்தான். அதைப் பிழையென்று திருத்தலாம். அறியாமை என்று சொல்லுதல் தகாது.

பொறியைப் படமெடுப்பது இன்றைய பொழுதுபோக்கு என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் பொறியும் ஒளிப்படமும் மிகப் பழைய நண்பர்கள். 1851ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஃபாக்ஸ் டால்பட் என்பவர், செய்தித்தாள் ஒன்றின் தாளைச் சுழலும் சக்கரத்தில் ஒட்டி, இருட்டறையில் மின்பொறி ஒன்றைப் பாய்ச்சி அதனைப் படமெடுத்தார். பொறி மின்னிய கால அளவு மிகக் குறைவு. அதற்குள் சக்கரம் நகரவே இல்லை என்று சொல்லுமளவுக்கு எழுத்துகள் தெளிவாக விழுந்தன. பின்னர் 1886-87இல் எர்ன்ஸ்ட் மாக், பீட்டர் சால்ஷர் என்னும் அறிஞர்கள் மின்பொறியின் ஒளியைக் கொண்டே, பறக்கும் துப்பாக்கிக் குண்டின் முன் எழும் காற்றலையைப் படத்தில் காட்டினர். அன்று பொறி ஒளி கொடுத்தது, கருவி படம் எடுத்தது. இன்று அப்பொறியே படத்தின் பொருளாகிவிட்டது.

ஆனால் எடுக்கப்படும் படங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. எஃகுக் கம்பளியைக் கம்பியில் கட்டிக் கொளுத்தி, இருளில் சுழற்றி, ஷட்டரைப் பல நொடிகள் திறந்துவைத்தால் பொன்னிறக் குடை ஒன்று கிடைக்கும். முதல் படம் வியப்பூட்டும். பத்தாவது படம் சலிப்பூட்டும். அக்குடைக்கு ஊர் இல்லை, ஆள் இல்லை, வேலை இல்லை. எந்த நாட்டில் எடுத்தாலும் ஒரே படந்தான்.

கொல்லர் பட்டறையில் எழும் பொறி அத்தகையதன்று. நெய்யாற்றின்கரை வட்டாரத்தின் மேட்டு நிலங்களில் ரப்பர்த் தோட்டங்கள் மிகுதி. பால்வெட்டும் கத்தியும் அரிவாளும் மண்வெட்டியும் அங்கே நாள்தோறும் தேய்கின்றன; நாள்தோறும் கூர்தீட்டப்படுகின்றன. உலையில் பழுத்த இரும்பின்மேல் சம்மட்டி விழும்போது தெறிப்பதும் பொறி, சாணைக்கல்லில் கத்தி உரசும்போது பறப்பதும் பொறி. இரண்டும் வேறு வேறு. முன்னது பெரும்பாலும் காய்ந்த இரும்பின் மேற்பரப்பில் படிந்த செதில்; அகலமாகச் சிதறி விரைவில் கருகும். பின்னது கல் சுரண்டிய நுண்துகள். காற்றோடு கலந்து எரிந்துகொண்டே செல்லும். கரிமம் குறைந்த இரும்பாயின் பொறி நீண்ட கோடாகப் போகும். கரிமம் மிகுந்த எஃகாயின், உள்ளிருக்கும் கரிமம் வாயுவாகி அத்துகளை வெடிக்கச் செய்வதால், கோட்டின் முனை பூவாக விரியும். செம்பும் அலுமினியமும் சாணையில் பொறி தருவதில்லை. தேர்ந்த கொல்லர் பொறியைப் பார்த்தே இரும்பின் தரத்தைச் சொல்லிவிடுவார். அதே பொறியைப் பார்க்கும் ஒளிப்படக்காரர் 'அழகு' என்பதோடு நின்றுவிட்டால், அவர் கண்டது பாதிதான்.

நுட்பத்தைப் பொறுத்தவரை சொல்ல வேண்டியது மிகுதியில்லை. ஷட்டர் வேகம் ஆயிரத்தில் ஒரு நொடியானால் பொறி புள்ளியாகும். கால் நொடியானால் கோடாகும். கோட்டின் பொலிவை ஷட்டர் கூட்டாது. வில்லையின் துளையளவும் ஒளியுணர்திறனுமே கூட்டும். முக்காலி வேண்டும். பறக்கும் இரும்புத்துகள் வில்லையின் கண்ணாடியில் பதிந்து பள்ளமிடும் ஆதலின் அதன்முன் வெறுங்கண்ணாடித் தகடொன்றைப் பூட்டுதல் நன்று. பற்றவைப்பு வேலையின் மின்வில்லை வெறுங்கண்ணால் நோக்கவே கூடாது; அதன் புறஊதாக் கதிர் கண்ணைப் புண்ணாக்கும்.

கோடா, புள்ளியா என்பதைவிடப் பெரிய கேள்வி ஒன்றுண்டு. பொறியை எழுப்பிய கை படத்தில் இருக்கிறதா? வடுப்பட்ட முன்கை, இடுக்கியைப் பற்றிய விரல்கள், சுருங்கிய கண் ஆகியவற்றின்மேல் அப்பொறியின் ஒளியே விழுந்திருக்குமாயின் அதுவே படம். கையை இருளில் விட்டுப் பொறியை மட்டும் எடுப்பது, பாடகரை விட்டுவிட்டு ஒலிபெருக்கியைப் படமெடுப்பது போன்றது.

எஃகுக் கம்பளிக்கு முன்னரே தமிழ்நாட்டில் பொறி சுழற்றும் வழக்கம் இருந்தது. திருக்கார்த்திகைக் காலத்தில் சிறுவர்கள் மாவளி சுற்றுவர். ஆண்பனையின் பூவைச் சுட்டுக் கரியாக்கி, பொடித்து, துணியில் சுருட்டிக் கட்டி, பிளந்த பனைமட்டைகளுக்கு இடையே வைத்துக் கயிற்றில் பிணைப்பர். தீயிட்டுச் சுழற்றினால் பொறிகள் வட்டமாகப் பொழியும். பனங்கரித் துகள் இலேசானது. எரிந்து விரைவில் சாம்பலாகும். எஃகுக் கம்பளியிலிருந்து பறப்பதோ உருகிய இரும்பு. தரையில் விழுந்த பின்னும் சுடும். காய்ந்த புல்லைப் பற்றவைக்கும். மாவளியும் தீதான், ஆனால் அதைச் செய்யப் பல நாள் வேலை வேண்டும், பனையை அறிந்தவர் வேண்டும், சுற்றும்போது ஊரே சூழ்ந்து நிற்கும். படமெடுக்க விரும்புவோர் கடையில் கம்பளி வாங்குவதைவிடக் கார்த்திகை வரை காத்திருப்பது மேல்.

தீப்பொறியை அழகென்று மட்டும் காண்பதன் விலை என்ன என்பதைத் தென்கேரளம் நன்கு அறியும். 2016 ஏப்ரல் 10ஆம் நாள் விடியுமுன், கொல்லம் மாவட்டம் பரவூரில் உள்ள புற்றிங்கல் கோயிலில் வெடிக்கட்டு நடந்துகொண்டிருந்தது. எரிந்து விழுந்த வெடியின் பொறி, வெடிமருந்து குவித்திருந்த கொட்டகையில் பற்றியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வேடிக்கை பார்க்க வந்தோரும் அண்டை வீடுகளில் இருந்தோரும் ஒருங்கே பாதிக்கப்பட்டனர். வானத்தை நோக்கிக் கைப்பேசியை உயர்த்தும் ஒவ்வொருவரும், வெடிமருந்து எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதைத் தரையில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. பொறிப்படம் எடுக்கச் செல்வோர் ஒரு வாளி நீரும் ஒரு துணையும் இன்றிச் செல்லுதல் கூடாது என்று விதி செய்தாலும் மிகையாகாது.

இனி, உவமைப் பொறி. பெருங்கடவிளை ஊராட்சியில் நெய்யாற்றின் கரையில் அருவிப்புறம் இருக்கிறது. 1888இல், சிவராத்திரி இரவில், ஆற்றிலிருந்து எடுத்த கல்லொன்றை நாராயணகுரு அங்கே சிவனாக நிறுவினார். அவ்வுரிமை தமக்கு மட்டுமே உரியது என்று சிலர் கருதியிருந்த காலம் அது. சாதி வேற்றுமையும் மதப்பகையும் இன்றி அனைவரும் உடன்பிறந்தாராய் வாழுமிடம் இது என்னும் கருத்தை அவர் அங்கே எழுதச் செய்தார். அருவிப்புறத்தில் தொடங்கிய கோயிற்குழுவிலிருந்து 1903இல் ஸ்ரீநாராயண தர்ம பரிபாலன யோகம் பிறந்தது. 1924இல் வைக்கம் போராட்டம். அதில் தமிழ்நாட்டிலிருந்து பெரியாரும் சென்று சிறைப்பட்டார். 1936 நவம்பர் 12இல் திருவிதாங்கூர்க் கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிடப்பட்டன. ஒரு கல்லில் எழுந்த பொறி அரண்மனையைச் சேர நாற்பத்தெட்டு ஆண்டுகள் ஆயின.

அருவிப்புறத்தில் கல் நிறுவப்பட்ட அதே 1888இல்தான் அமெரிக்காவில் ஜார்ஜ் ஈஸ்ட்மன், நூறு படங்கள் எடுக்கத்தக்க சுருளுடன் கோடக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். மக்னீசியம் கலந்த மின்னொளிப் பொடி ஜெர்மனியில் அதற்கு முந்தைய ஆண்டே வந்துவிட்டது. அவை அந்த இரவில் ஆற்றங்கரையில் இருந்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? விளக்குகள், ஈரமான கல், கூடிநின்ற முகங்கள். அன்று அது பொறியென்று யாருக்கும் தெரிந்திராது. உவமைப் பொறியின் இயல்பு இதுவே: பற்றிய பின்னரே பொறியெனப் பெயர் பெறும். ஆதலால் அதைத் தேடிச் செல்லும் மாணவர், தோழர் ஒருவரை வானம் பார்த்து நிற்கவைத்துக் 'கனவு' என்று தலைப்பிடுவதால் பயனில்லை. அருவிப்புறத்தின் ஆற்றுப்படியில் யார் யார் அருகருகே அமர்கிறார்கள் என்பதை ஒரு மாலை முழுதும் பொறுமையாகப் பார்ப்பவர்க்கு ஏதேனும் கிடைக்கலாம்.

அதே வட்டாரத்தில் இன்னொரு பொறியும் உண்டு. நெய்யாற்றின்கரையில் 1878இல் பிறந்த இராமகிருஷ்ண பிள்ளை, வக்கம் அப்துல் காதர் மௌலவி நிறுவிய 'சுதேசாபிமானி' இதழின் ஆசிரியராகித் திருவிதாங்கூர் அரசின் ஊழல்களைச் சாடினார். 1910 செப்டம்பர் 26இல் அவர் நாடுகடத்தப்பட்டார். அச்சுப்பொறியும் பறிமுதல் செய்யப்பட்டது. அத்தகைய பழைய அச்சுப்பொறி ஒன்றை எவ்வளவு திறமையாகப் படமெடுத்தாலும் அதில் ஒரு துளி ஒளியும் தெறிக்காது. படத்தின் கீழே ஊரும் நாளும் பெயரும் எழுதப்படாவிட்டால், அது பழைய இரும்பின் படமாகவே இருக்கும்.