கரிசலிடம் மன உறுதி செல்லாது

நெடுந்தூர சைக்கிள்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி சுற்றிவரும் வசனம் ஒன்று உண்டு: கால் ஓட்டுவதில்லை, மனம்தான் ஓட்டுகிறது. கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். தூரம் கூடக்கூட இந்த நம்பிக்கைக்கும் சத்தம் கூடுகிறது. சட்டத்திலும் ஹேண்டில்பாரிலும் பைகளைக் கட்டிக்கொண்டு, தார்ச்சாலையை விட்டு இறங்கி, மண்ணிலும் மணலிலும் நாள்கணக்கில் போகும் பைக்பேக்கிங் என்று வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். முடித்தவன் திடமானவன், பாதியில் நின்றவன் திடமில்லாதவன், அவ்வளவுதான் தீர்ப்பு. இது தவறான தீர்ப்பு. அதைவிட, சோம்பேறித்தனமான தீர்ப்பு. ஏன் நின்றான் என்று கேட்கும் வேலையை மிச்சப்படுத்திவிடுகிறது.

தூத்துக்குடியைச் சுற்றிச் சாலை இல்லாத பக்கமாகப் போகிறவரை நிறுத்துவது எது என்று பார்ப்போம். முதலில் முள். சீமைக்கருவேல முள் டயரையும் டியூபையும் சேர்த்துத் துளைக்கும்; கையால் தடவிப் பார்த்துப் பிடுங்காமல் புது டியூப் போட்டால் அதுவும் போகும். அடுத்தது தேரி. திருச்செந்தூர்ப் பக்கத்துக் குதிரைமொழித் தேரியின் செம்மணலில் குறுகிய டயர் புதையும். பருத்த டயர் போட்டு, காற்றைக் குறைத்து ஓட்டினால் ஓரளவு மிதக்கும். இல்லையென்றால் தள்ள வேண்டியதுதான். உப்பளத்து வரப்புகளில் செயின் துருப்பிடிக்கும். ஆனி, ஆடியில் எதிர்க்காற்று வேறு. இதில் எந்த இடத்தில் மனத்திடம் வேலை செய்கிறது? முள்ளுக்குத் துளையடைக்கும் சீலன்ட், மணலுக்குப் பருத்த டயர், உப்புக்கு நல்ல தண்ணீரும் எண்ணெயும்.

கரிசலைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒட்டப்பிடாரம், விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கம் ஒரு மழை விழுந்ததும் வண்டிப்பாதை வேறொன்றாக மாறிவிடும். டயரில் ஏறிய மண் ஃபோர்க்கிலும் பின்சட்டத்திலும் அடைத்துக்கொள்ளும். சக்கரம் சுற்றாது. குச்சியால் சுரண்டிவிட்டு நாலு எட்டு வைப்பதற்குள் மறுபடி அடைத்திருக்கும். தூக்கிச் சுமக்கலாமென்றால் மண்ணோடு சேர்ந்து எடை கூடியிருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு பெடலை மிதித்தால் பின் கியரைத் தாங்கும் கொக்கி முறியும். அதோடு கதை முடிந்தது. சுரண்டினால் போகக்கூடிய மண்ணை வைராக்கியம் உடைந்த கியராக மாற்றும் இடம் இது. கனடாவின் பான்ஃபில் தொடங்கி மெக்சிகோ எல்லையில் முடியும் டூர் டிவைட் சைக்கிள் பந்தயம், சுமார் 4,400 கிலோமீட்டர் கொண்டது. அந்தப் பாதையில் நியூ மெக்சிகோவின் களிமண்ணும் ஈரமானால் இதே வேலையைத்தான் செய்கிறது. அதற்கு அங்குள்ள அனுபவசாலிகள் கண்ட வைத்தியம் காத்திருப்பது. நம் கரிசல் சம்சாரிக்கு இது புதிதல்ல. ஈரம் காயும்வரை அவர் வண்டியைப் பாதையில் இறக்க மாட்டார். அவரைப் பார்த்து யாரும் மனத்திடம் போதாது என்று சொன்னதில்லை.

மனவலிமை வசனம் உண்மையிலேயே ஆளைக் கொல்லக்கூடிய இடம் வெயில். கடற்கரையில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் வியர்வை சரியாக உலராது. உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் ஹீட் ஸ்ட்ரோக்கின் முக்கிய அறிகுறியே குழப்பம்தான். பேச்சு குழறும், திசை தப்பும், எரிச்சல் வரும். அதாவது, எந்த மனத்தை நம்பி ஓட்டச் சொல்கிறார்களோ அந்த மனமே அப்போது பழுதாகியிருக்கும். பயந்துபோய் வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்தாலும் ஆபத்து: இரத்தத்தில் சோடியம் குறைந்து அதுவும் குமட்டல், தலைவலி, குழப்பம் என்றே தொடங்கும். நாட்டுக்கே உப்பு அனுப்பும் ஊரில் உப்புக் குறைந்து விழுவதைப் போல அபத்தம் வேறில்லை. மூளையும் உடம்பின் உறுப்புதான், அதற்குத் தனி ரேஷன் கார்டு கிடையாது.

‘அப்படியென்றால் சாதித்தவர்கள்?’ என்று கேட்பார்கள். அமெரிக்காவின் குறுக்கே, மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரை வரை, ஏறத்தாழ 4,900 கிலோமீட்டரை 12 நாளுக்குள் கடக்கும் ‘ரேஸ் அக்ராஸ் அமெரிக்கா’வைத் தனியாளாக முடித்த முதல் இந்தியர் ஸ்ரீனிவாஸ் கோகுல்நாத், ராணுவ மருத்துவர். 2017இல் முடித்தார். மேடைகளில் இவர் கதையைச் சொல்லும்போது ‘விடாமல் போராடினார்’ என்பார்கள். விட்டார்! 2016இல் அதே பந்தயத்தில் இறங்கிப் பாதியில் நின்றவர் அவர். நின்றதால்தான் மறுவருஷம் தொடக்கக் கோட்டுக்கு வர முடிந்தது. சைக்கிளைத் தள்ளியே மலைகளைக் கடக்கவைக்கும் கிர்கிஸ்தானின் சில்க் ரோடு மவுன்டன் ரேஸ் 2018இல் முதன்முறை நடந்தபோது, தொடங்கியவர்களில் பெரும்பாலோர் முடிக்கவில்லை. அத்தனை பேரும் கோழைகளா?

நம்மூர்ப் பேச்சாளர்களுக்குத் திருக்குறள் என்றால் இடுக்கண் அழியாமை ஒன்றுதான். அதே நூலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று அடுத்தடுத்து மூன்று அதிகாரங்கள் இருப்பது அவர்கள் கண்ணில் படுவதில்லை.

குறளைவிட அருகில் இருக்கிறது முத்துக்குளிப்பு. கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்து இறங்குகிறவரின் பிடிவாதத்தைப் பற்றித்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். ஆனால் அந்தத் தொழில் கயிற்றில் நின்றது. மேலே தோணியில் ஒருவர் கயிறு பிடித்திருப்பார். கீழே இருப்பவர் இழுத்துச் சைகை காட்டியதும் தூக்குவார். மச்சானைத்தான் கயிறு பிடிக்க வைப்பார்கள், தங்கச்சி தாலிக்காகவாவது தூக்கிவிடுவான் என்று கடற்கரையில் சொல்வதுண்டு. இன்னும் கொஞ்சம் தம் கட்டினால் இன்னும் நாலு சிப்பி என்பது குளிப்பவருக்கும் தெரியும். ஒரு நாளில் பல தடவை இறங்கி ஏற வேண்டியவர் அந்த நாலு சிப்பிக்கு ஆசைப்பட மாட்டார். தொழில் முழுவதுமே அப்படித்தான் நடந்தது. சிப்பி விளையும் கடலடித் திட்டுகளான பார்களில் ஆள் இறக்கிச் சிப்பியை எடுத்துப் பார்த்து, முற்றியிருந்தால்தான் அரசு சலாபம், அதாவது முத்துக்குளிப்புப் பருவம், அறிவித்தது. இல்லையென்றால் கிடையாது. பல வருஷம் தொடர்ந்து கிடையாது. 1955 முதல் 1961 வரை நடந்ததற்குப் பிறகு தூத்துக்குடியில் சலாபமே இல்லை. வெறும் பார்களைப் பற்றிய குறிப்புகளையும் அதிகாரிகள் எழுதிவைத்தார்கள். சிப்பி எங்கே எப்போது இல்லாமல் போனது என்பது அப்படித்தான் தெரியவந்தது.

இதையெல்லாம் சாக்காக வைத்து ஆளாளுக்குப் பாதியில் சைக்கிளை விட்டு இறங்கிவிடுவார்களே என்றால், அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. தேவையில்லாமல் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள், நிறையவே. ஆனால் அவர்கள் எப்போது நிற்கிறார்கள் என்று கவனித்திருக்கிறேன். பின்னிரவில், பசியில், தூக்கம் கெட்ட நேரத்தில். அப்போது தேவை வீரவசனமல்ல, நாலு இட்லியும் ரெண்டு மணி நேரத் தூக்கமும். சாப்பிடாமலும் தூங்காமலும் நிற்பதா போவதா என்று முடிவெடுக்கக் கூடாது என்ற ஒரே விதி பலரைக் கரை சேர்த்திருக்கிறது. விடிந்தபிறகும் முட்டி வீங்கியிருந்தால், சிறுநீர் கருத்திருந்தால், பஸ் ஏற வேண்டும். முதல் நிலையில் போகச் சொல்வதும் இரண்டாவதில் நிற்கச் சொல்வதும் ஒரே கணக்குத்தான்.

2023 டிசம்பர் 17 இரவு, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டிய அந்த மழையில், திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயிலை ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தினார்கள். முன்னால் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. சுமார் 800 பேர் நடுவழியில் மாட்டித் தவித்தார்கள், உயிரோடு மீண்டார்கள். நிறுத்திய நிலைய அதிகாரியை ஊரே பாராட்டியது. அந்த ரயில் சென்னை போய்ச் சேராததை யாரும் தோல்வி என்று எழுதவில்லை. சைக்கிளில் போகிறவனுக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

நெடுந்தூர சைக்கிள் சவால்களை நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கைதான். முடித்தவர்களின் பதக்கப் படங்களை எத்தனை வேண்டுமானாலும் போடுங்கள். கூடவே நின்றவர்களின் கணக்கையும், பெயர் இல்லாமல், வெளியிடுங்கள்: எந்தக் கிலோமீட்டரில், எத்தனை மணிக்கு, எதனால். பத்துப் பேர் ஒரே இடத்தில் நின்றிருந்தால் அங்கே வேண்டியது ஒரு தண்ணீர்த் தொட்டியாக இருக்கலாம், அல்லது பாதையையே மாற்ற வேண்டியிருக்கலாம். அடுத்த முறை அந்த வழியே வருகிறவருக்கு உங்கள் வசனத்தைவிட அந்தப் பட்டியல் பயன்படும்.