காற்றுக்கும் விலை உண்டு: நுவரெலியா மலைப்பாதையில் கார் மோகம்

ஏப்ரல் வசந்தகாலத்தில் நுவரெலியாவுக்குப் போனவர்களுக்கு இந்தச் சத்தம் புதிதல்ல. கிரகரி வாவியைச் சுற்றி இரவில் உறுமிக்கொண்டு போகும் கார்கள். மாகஸ்தோட்டையிலும் ரதல்லவிலும் நடக்கும் மலையேற்றக் காரோட்டப் போட்டிகள் 1930களிலிருந்து வந்த தோட்டத் துரைமார் காலத்துப் பொழுதுபோக்கின் தொடர்ச்சி. இரண்டு பெயருமே தேயிலைத் தோட்டங்களின் பெயர்கள்தான். துரைமார் ஓட்டினார்கள், தொழிலாளர்கள் வேலியோரம் நின்று பார்த்தார்கள். இன்று அந்தத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகளில் சிலர் ஹட்டனிலும் கொழும்பிலும் கராஜ்களில் நின்று, கொழும்பு முதலாளிகளின் கார்களுக்கு மட்டுமல்லாமல் தங்களுடைய பழைய சிவிக், லான்சர்களுக்கும் 'கோல்ட் எயார் இன்டேக்' பூட்டுகிறார்கள்.

ஹட்டனில் கராஜ் வைத்திருக்கும் என் மாமா மகன் போனில் கேட்டதும் இதைத்தான்: எந்த இன்டேக் நல்லது? 1977 வன்செயலில் எங்கள் குடும்பத்தில் பாதி கிளிநொச்சிக்கு வந்தது, பாதி மலையிலேயே நின்றது. எங்கள் பக்கத்தில் வாகனம் என்றால் ஓடினால் போதும் என்பதுதான் கணக்கு. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் நாம். ஒரு சிறு போத்தலில் பெற்றோல் வைத்து, அதைக் காபரேற்றருக்குச் சொட்டு விட்டு ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். எஞ்சின் மூச்சுத் திணறும் சத்தத்தை வைத்தே காற்றுக் கூடவா எண்ணெய் கூடவா என்று சொல்லக்கூடிய மெக்கானிக்குகள் வன்னியில் இன்னும் இருக்கிறார்கள். ஆகவே இந்தக் கேள்வி எனக்கு வெறும் பணக்காரப் பிள்ளைகளின் கேள்வியாகத் தெரியவில்லை.

விஷயம் இதுதான். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் சுமார் 80 வீதம்தான். குளிர் கொஞ்சம் ஈடுகட்டினாலும், காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. டர்போ இல்லாத எஞ்சினின் வலுவும் கிட்டத்தட்ட அதே அளவில் குறையும். நானுஓயா ஏற்றத்தில் கார் சோர்வது அதனால்தான். இழந்ததை எந்தக் குழாயும் திருப்பித் தராது. இன்டேக் செய்யக்கூடியது, பொனட்டுக்குள் சூடேறிய காற்றுக்குப் பதிலாக வெளிக் காற்றை இழுப்பது மட்டும்தான். பொனட்டுக்குள் 50 பாகை, வெளியே 20 பாகை என்றால் அடர்த்தியில் பத்து வீதம் வித்தியாசம் வரும். கணக்கில் அது பெரிது. ஆனால் கம்பனி பூட்டிய பெட்டியே பெரும்பாலான கார்களில் வெளிக் காற்றைத்தான் இழுக்கிறது என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை.

சந்தையில் மலிவாகக் கிடைப்பது, எஞ்சினுக்குப் பக்கத்திலேயே திறந்த கூம்பு பில்டரைச் சொருகும் குட்டைக் குழாய். சத்தம் நன்றாக வரும், காற்று சூடாக வரும். மலையில் மெதுவாக ஏறும்போது, முன்னால் பஸ் ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தால், அது பழைய பெட்டியை விட மோசம். இரண்டாவது வகை, குழாயை பம்பருக்குள் இறக்கி பில்டரைச் சில்லுக்கு முன்னால் தொங்கவிடுவது. காற்று குளிர்தான், ஆனால் மழை வெள்ளம் தேங்கிய பள்ளத்தில் இறங்கினால் தண்ணீரையும் குடிக்கும். தண்ணீர் அமுங்காது, கொனெக்டிங் ரொட் வளையும், எஞ்சின் போய்விடும். ஆண்டில் பாதி மழையும் மூடுபனியுமாக இருக்கும் ஊரில் இதைப் பூட்டுவது சூதாட்டம்.

வாங்கித்தான் தீருவேன் என்றால், மூடிய பெட்டிக்குள் பில்டரும், முன்பக்கத்திலிருந்து தனிக் காற்றுக் குழாயும் உள்ள மூன்றாவது வகைதான் என் தெரிவு. குழாயின் விட்டத்தைக் கவனிக்க வேண்டும். எயார் ப்ளோ சென்சர் உள்ள காரில், அது நிற்கும் இடத்தின் விட்டம் கூடினால் கொம்பியூட்டர் காற்றைக் குறைத்துக் கணக்கிட்டு, பெற்றோலையும் குறைத்துவிடும். எஞ்சின் சூடேறும். எண்ணெய் பூசிய துணி பில்டரை அளவுக்கு மீறி நனைத்தாலும் அதே சென்சர்தான் பழுதாகும். வருடாந்தப் புகைப் பரிசோதனையிலும் பிறகு பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆனால் நான் மச்சானிடம் முதலில் கேட்டது வேறு. ஏற்றத்துக்குக் காற்று வாங்குகிறாய், இறக்கத்துக்கு என்ன வைத்திருக்கிறாய்?

மலையகத்தில் மனிதரைக் கொல்வது பெரும்பாலும் இறக்கம்தான். 2023 ஜனவரி 20 அன்று நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில், பாடசாலைச் சுற்றுலா வந்த பஸ் ஒன்று வேனோடும் முச்சக்கரவண்டியோடும் மோதி 7 பேர் இறந்தார்கள். பஸ்ஸில் வந்தவர்கள் அல்ல, வேனில் போய்க்கொண்டிருந்தவர்களும் முச்சக்கரவண்டிச் சாரதியும். 2025 மே 11 அன்று கொத்மலை கெரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். காரோட்டப் போட்டியும் விலக்கல்ல. 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை பொக்ஸ் ஹில்லில் பார்வையாளர் பக்கம் பாய்ந்த கார், எட்டு வயதுச் சிறுமி உட்பட 7 பேரின் உயிரைக் குடித்தது. இராணுவமும் சேர்ந்து நடத்திய போட்டி அது.

இவ்வளவுக்கும் பிறகு அரசின் கண் எங்கே போனது? 2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீலங்கா' என்று பொலிஸார் பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் பூட்டிய மேலதிக அலங்காரங்களைக் கழற்றினார்கள். ஆபத்தான உதிரிகளைக் கழற்றுவது நியாயம்தான். பிரேக்கும் டயரும் அதே உற்சாகத்தோடு பரிசோதிக்கப்பட்டதா என்பதுதான் கேள்வி. கண்ணுக்குத் தெரிவதைக் கழற்றுவது சுலபம். தேயிலைக் கொழுந்து இறக்கக் கீறிய ஒடுங்கிய வீதிகளில் தடுப்புச் சுவர் கட்டுவதற்குப் பணம் வேண்டும். அந்த வீதியில் தினமும் நடப்பவர்கள் 2024 வரை நாளுக்கு 1,000 ரூபா வாங்கியவர்கள். 2026 வரவு செலவுத் திட்டத்தில் 1,750 என்று முன்மொழியப்பட்ட பிறகும், ஒரு நல்ல இன்டேக்கின் விலை அவர்களுக்குப் பல வாரச் சம்பளம்.

மச்சான் கோபிக்கவில்லை. "அண்ணே, பிரேக் பாட் மாத்தினா யாருக்கும் கேக்காதே" என்று சிரித்தான். உண்மைதான். அதனால்தான் இன்டேக் விற்கிறது. பழைய பெட்டியைக் கழுவி, புதிய கடதாசி பில்டர் போட்டு, மிச்சக் காசுக்கு முன் பிரேக் பாட்களையும் பிரேக் எண்ணெயையும் மாற்றச் சொன்னேன். ரம்பொடை இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வராமல், கியரைக் குறைத்து எஞ்சினைப் பிடிக்கவிடச் சொன்னேன். ஏப்ரலுக்கு முன் டயரையும் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறான்.