ஒளிக்க ஒண்டுமில்லை எண்டு யார் சொன்னது?

"ஒளிக்க ஒண்டுமில்லாதவனுக்கு என்னத்துக்குப் பயம்?"

தனியுரிமை, தரவுப் பாதுகாப்பு என்று வாயைத் திறந்தால் போதும், இந்தக் கேள்வி வந்து விழும். கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. எங்கட வீட்டு ஆட்கள், கூடப் படிச்ச பெடியள், சிலநேரம் எங்களுக்குப் படிப்பிச்ச ஆசிரியர்கள். போனுக்குள்ள என்ன இருக்கு? நாலு செல்ஃபி, பத்து மீம், அம்மாவோட எடுத்த வட்ஸ்அப் கோல். இதை அரசாங்கம் பார்த்தால் என்ன, பேஸ்புக் பார்த்தால் என்ன என்பது அவர்களுடைய வாதம்.

வேறு நாட்டில் யாராவது இப்படிச் சொன்னால் பேசாமல் இருந்துவிடலாம். இலங்கையில், அதுவும் தமிழில் இதைச் சொல்லுவதுதான் எங்களுக்கு விளங்கவில்லை. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழருடைய வீடுகளைத் தேடி வந்த கும்பல்களின் கைகளில் வாக்காளர் பட்டியல் இருந்தது. வாக்காளர் பட்டியலில் அப்படி என்ன ரகசியம்? பெயரும் விலாசமும்தான். வாக்குப் போடுவதற்காக எங்கட ஆட்கள் தாங்களாகவே கொடுத்த விபரம். ஒளிப்பதற்கு அதில் ஒன்றும் இருக்கவில்லை. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த 350க்கும் மேற்பட்ட தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் தடுத்தது, ஆனால் பஸ்கள் போய்விட்டிருந்தன. யுத்தம் முடிந்த பிறகும், 2011இல் யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் இராணுவம் வீடு வீடாகக் குடும்ப விபரம் பதிந்தது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு எம்.பி.க்கள் உயர் நீதிமன்றம் போன பிறகுதான் நிறுத்த ஒப்புக்கொண்டார்கள்.

ஒரு விபரம் கொடுக்கும்போது அது ஒரு நோக்கத்துக்கானது. நாளைக்கு அது யாருடைய கையில் இருக்கும், அவருக்கு என்ன தேவை வரும் என்பதைக் கொடுத்தவர் தீர்மானிக்க முடியாது. எங்கட பாட்டன் பாட்டிமாருக்கு இது நல்லாத் தெரியும். எங்கட தலைமுறைக்கு மறந்து போச்சு, ஏனென்றால் எங்களிடம் கேட்பவர்கள் துவக்கோடு வருவதில்லை. ஒரு படிவத்தோடு வருகிறார்கள், இல்லாவிட்டால் ஒரு அப்போடு.

அடையாள அட்டை இலக்கத்தையே எடுப்போம். சிம் வாங்க, வாடகை வீட்டுக்கு, ஒரு கந்தோருக்குள் போக, எல்லாத்துக்கும் அதைக் கேட்கிறார்கள். பன்னிரண்டு இலக்கம், அதில் என்ன தெரியப்போகுது என்று நினைக்கிறோம். முதல் நாலு இலக்கமும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் பிறந்தீர்கள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருப்பார்கள். 2001572 என்று தொடங்கினால் 2001ஆம் ஆண்டு மார்ச் மாதம் பிறந்த பெண். வங்கிக்குக் கோல் எடுத்தால் "உங்கட பிறந்த திகதியைச் சொல்லுங்கோ" என்று கேட்கிறார்களே, அந்தத் திகதியை நாங்கள் கொமினிகேஷன் கடை மேசையில் போட்டோக் கொப்பியாக விட்டுவிட்டு வருகிறோம். அங்கேயே ரீலோட் போடுகிற கொப்பியில் போன் நம்பரும் இருக்கும். கடையில் நம்பரை எழுதிக் கொடுத்த அன்று இரவே தெரியாத இலக்கத்திலிருந்து "ஹாய்" வந்த அனுபவம் எங்களில் எத்தனை பெண்களுக்கு இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். வீட்டில் சொன்னால், நம்பரை மாத்து என்பார்கள். கடைக்காரனிடம் போய்க் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

2022இல் பெற்றோலுக்கு கியூஆர் வந்தது நினைவிருக்கும். அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், செசி இலக்கம், போன் நம்பர் எல்லாம் கொடுத்தோம். நாள் கணக்கில் வரிசையில் நின்றவனிடம் "உன்னுடைய சம்மதம் இருக்கா?" என்று கேட்பதில் அர்த்தமில்லை, நாங்களும் கொடுத்தோம். ஆனால் நெருக்கடி தணிந்த பிறகாவது, அந்த விபரமெல்லாம் எங்கே இருக்கு, எப்ப அழிப்பீர்கள் என்று நாடு முழுக்க ஒரு கேள்வி எழுந்திருக்க வேண்டாமா?

இனிச் சட்டத்துக்கு வருவோம். இலங்கைப் பாராளுமன்றம் இரண்டு வருட இடைவெளியில் நிறைவேற்றிய இரண்டு சட்டங்களுக்கு ஒரே இலக்கம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நிகழ்நிலைக் காப்புச் சட்டம். முதலாவது, எங்கட விபரத்தை வைத்திருக்கிற கம்பனிகளையும் அரச நிறுவனங்களையும் கட்டுப்படுத்துவது. எதற்காகச் சேர்க்கிறாய், எவ்வளவு காலம் வைத்திருப்பாய், பிழை என்றால் திருத்துவாயா என்று கேட்கிற சட்டம். இரண்டாவது எங்களைக் கட்டுப்படுத்துவது. நாங்கள் என்ன எழுதினோம், அது "பொய்யான கூற்றா" என்று பார்க்கிற சட்டம்.

இரண்டும் ஓடிய வேகத்தைப் பாருங்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 மார்ச்சில் நிறைவேறியது. நிறுவனங்கள் ஆயத்தமாக வேண்டும் என்று சொல்லி அதன் முக்கியமான பகுதிகளுக்கு 2025 மார்ச் வரை அவகாசம் கொடுத்தார்கள். மூன்று வருடம். அந்தத் திகதி கிட்ட வந்தபோது, இன்னும் ஆயத்தமில்லை, திருத்த வேண்டும் என்று தள்ளிவைத்தார்கள். நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலமோ 2024 ஜனவரி 24ஆம் திகதி 108க்கு 62 என்ற வாக்கில் நிறைவேறி, பெப்ரவரி முதலாம் திகதி சபாநாயகரின் கையெழுத்தோடு சட்டமாகிவிட்டது. எட்டே நாள். அதற்கு முன்னர் உயர் நீதிமன்றம் 31 பிரிவுகளைத் திருத்தச் சொல்லியிருந்தது. சொன்ன திருத்தங்கள் முழுமையாகச் சேர்க்கப்படவில்லை என்று எதிர்க்கட்சி சபாநாயகருக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணையே கொண்டுவந்தது, அதுவும் தோற்றது. கம்பனிக்காரருக்கு ஆயத்தமாக மூன்று வருடம் போதவில்லை. முகநூலில் எழுதுகிற எங்களுக்கு எட்டு நாள் காணும் என்று முடிவெடுத்திருக்கிறார்கள்.

"காப்பு" என்கிற சொல்லையும் கவனிக்க வேண்டும். யாருக்குக் காப்பு? தேசிய பாதுகாப்புக்கு, பொது ஒழுங்குக்கு அச்சுறுத்தலான பொய்யான கூற்றை வெளியிட்டால் ஐந்து வருடம் வரை சிறை. எது பொய் என்று பார்ப்பது ஜனாதிபதி நியமிக்கிற ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு. அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரம் வேண்டும் என்கிறார்கள், சரி. ஆனால் இந்த நாட்டில் பதிவு ஒன்றுக்காக உள்ளே போனவர்கள் யார் என்று பார்த்தால் சட்டத்தின் பெயரில் எங்களுக்கு நம்பிக்கை வருவதில்லை. சத்திக சத்குமார ஒரு சிறுகதையை முகநூலில் போட்டதற்காக 2019இல் நாலு மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தார். ரம்ஸி ராசிக் இனவாதத்துக்கு எதிராகக் கருத்தால் போராடுவோம் என்று எழுதி, 2020இல் ஐந்து மாதம் இருந்தார். 2023இல் உயர் நீதிமன்றம் அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பளித்தது, ஆனால் போன ஐந்து மாதம் போனதுதான். இரண்டு பேரையும் பிடித்தது சிவில் அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச சமவாயச் சட்டத்தின் கீழ், மனித உரிமையைக் காக்க என்று கொண்டுவந்த சட்டம் அது. மாவீரர் நாளையொட்டி முகநூலில் படம் பகிர்ந்ததற்காகத் தமிழ்ப் பெடியள் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானதைப் பற்றி இங்கே வாசிக்கிறவர்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

"பெண்களையும் பிள்ளைகளையும் காப்பாற்றத்தானே சட்டம், அதையும் வேண்டாம் என்கிறீர்களா?" என்று கேட்பார்கள். இது லேசாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை. பிரிந்துபோன காதலன் படத்தை வைத்து மிரட்டுவதும், திருத்தக் கொடுத்த போனிலிருந்து படம் எடுப்பதும் எங்கட ஊர்களில் நடக்கிறது, பிள்ளைகள் செத்தும் போயிருக்கிறார்கள். ஆனால் கணினிக் குற்றச் சட்டம் 2007இலேயே வந்துவிட்டது. தண்டனைச் சட்டக்கோவையில் பாலியல் தொந்தரவு குற்றம். சட்டம் இல்லாததாலா பெண்கள் முறைப்பாடு செய்யாமல் இருந்தார்கள்? பொலிஸ் நிலையத்துக்குப் போனால் "நீ ஏன் படம் அனுப்பினாய்?" என்பது முதல் கேள்வி. வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்து வை என்றால், என்ன எழுதியிருக்கு என்றே தெரியாது. முறைப்பாடு தருகிற படத்தை அங்கே எத்தனை பேர் பார்ப்பார்கள் என்ற பயம் வேறு. தமிழ் தெரிந்த பெண் உத்தியோகத்தர், படத்தைப் பூட்டி வைக்கிற ஒழுங்கு, தளத்திலிருந்து உடனே இறக்க ஒரு வழி: இவை இல்லாமல் ஐந்து வருடச் சிறை என்று எழுதி வைத்து என்ன பயன்?

கம்பனிகளை நம்பலாமா என்றால், அதுவும் இல்லை. 2018 மார்ச்சில் திகனையில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது வெறுப்புப் பதிவுகள் பேஸ்புக்கில் தாராளமாக ஓடின. முறைப்பாடு செய்தவர்களுக்குக் காது கொடுக்காத நிறுவனம் மன்னிப்புக் கேட்க 2020 வரை எடுத்தது. அரசாங்கத்துக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான், எல்லாத்தையும் மூடு. 2018இல் மூடினார்கள், உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பிறகு மூடினார்கள், 2022 ஏப்ரலில் ஆர்ப்பாட்டம் சூடு பிடித்தபோதும் மூடினார்கள். கடைசி முறை, அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்ஷவே தான் வி.பி.என். பாவிப்பதாகவும் தடையால் பயனில்லை என்றும் ட்விட்டரில் போட்டது நல்ல பகிடி.

அரசையும் கம்பனியையும் திட்டிவிட்டு எழும்பிப் போக எங்களுக்கு விருப்பம். ஆனால் எங்கட யூடியூப்பைத் திறந்து பார்ப்போம். புலம்பெயர்ந்தவர்களின் காசில் உதவி செய்கிற வீடியோக்கள். கமரா நேரே குசினிக்குள் போகும், பானையைத் திறந்து காட்டும். புருஷன் ஏன் விட்டிட்டுப் போனவர், இப்ப யாரோட இருக்கிறார் என்று ஒரு தாயிடம் மூன்று பிள்ளைகளுக்கு முன்னால் கேட்பார்கள். பதினைந்து வயதுப் பிள்ளையை முகத்தோடு, பள்ளிக்கூடச் சீருடையோடு நிற்பாட்டி அழச் சொல்வார்கள். கீழே கொமன்டில் அந்தத் தாயின் கழுத்துச் சங்கிலி கவரிங்கா பவுனா என்று விசாரணை நடக்கும். ஐயாயிரம் ரூபாய்ச் சாமானுக்கு அந்தக் குடும்பம் கொடுத்த விலை அது. அந்தப் பிள்ளைக்கு இருபத்தைந்து வயதாகும்போதும் வீடியோ கிடக்கும், யூடியூபருக்குக் காசும் வரும். "அவை சம்மதிச்சுத்தான் எடுத்தனாங்கள்" என்பார்கள். பெற்றோல் வரிசையில் நாங்கள் சம்மதித்த மாதிரித்தான் அவர்களும் சம்மதித்திருப்பார்கள். பசியோடு இருக்கிறவர் வேண்டாம் என்று சொல்லமுடியாத இடத்தில் வாங்குவதைச் சம்மதம் என்று சொல்லக்கூடாது. அரசாங்கத்துக்கு எதிராக இதைச் சொல்லுகிற வாய், எங்கட சனலுக்கு லைக் போட்டுவிட்டுச் சும்மா இருக்கக்கூடாது.

வீட்டுக்குள் நடப்பதும் இதுதான். தங்கச்சியின் போனை வாங்கிப் பார்க்கிற அண்ணா, பாஸ்வேர்ட் தந்தால்தான் காதல் உண்மை என்கிற பெடியன், ஓடிப்போன பெட்டையின் படத்தை ஊர் வட்ஸ்அப் குரூப்பில் போடுகிற மாமா. இவர்களுக்கு எல்லாம் அரசாங்கத்தின் அதே வசனம்தான்: உன்ர நன்மைக்குத்தான்.

அடுத்து வரப்போவது டிஜிட்டல் அடையாள அட்டை. கைரேகை, முகம், கருவிழி எல்லாம் ஒரே இடத்தில். இந்தியாவின் நிதியுதவியோடு நடக்கிறது. அந்த நாட்டில் ஆதார் வந்தபோது ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி வழக்குப் போட்டார். 2017 ஓகஸ்டில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, தனியுரிமை அடிப்படை உரிமை என்றார்கள். அட்டைக்குக் காசு பாக்குநீரிணையைத் தாண்டி வருகிறது, தீர்ப்பு வரவில்லை. எங்கட அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் தனியுரிமை ஒரு உரிமையாக இல்லை. அந்தச் சொல் வருகிற இடம் 14அ உறுப்புரை. தகவல் அறியும் உரிமையை மட்டுப்படுத்தக்கூடிய காரணங்களில் ஒன்றாக! குடிமக்களுக்கு இல்லாத தனியுரிமை, தகவல் தர மறுக்கிற கந்தோருக்குக் கைகொடுக்கலாம்.

ஆனாலும் அதே உறுப்புரையில்தான் எங்களுக்கு ஒரு கதவும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழில் விண்ணப்பிக்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இந்த மாதம் எங்களில் சிலர் சேர்ந்து எழுதப் போகிறோம். 2022இல் கியூஆருக்காக வாங்கிய விபரம் இப்போது யாரிடம் இருக்கிறது, வேறு எந்த நிறுவனத்துக்குக் கொடுத்தீர்கள், எப்போது அழிப்பீர்கள். டிஜிட்டல் அடையாள அட்டைக்குக் கைரேகை எடுக்கும் முன் அதைப் பாதுகாக்கும் சட்டப் பிரிவுகள் நடைமுறையில் இருக்குமா. உங்கட பிரதேச செயலகம், கம்பஸ், வேலை செய்கிற அரச நிறுவனம் எதுவென்றாலும் அங்கேயும் இதே கேள்விகளைப் போடலாம். தனியுரிமையைக் காரணம் காட்டி மறுத்தால், மேன்முறையீட்டுக்கு ஆணைக்குழு வரை போவோம்.