புகையானும் மடைத் தண்ணீரும்

தண்ணீர் குறைந்தால் பயிருக்குக் கேடு என்பதை அறியாதார் நம்மில் இல்லை. மிகுந்தால் பூச்சிக்கு விருந்து என்பதை மட்டும் ஏனோ பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

புகையானை எடுத்துக்கொள்வோம். இந்தப் பழுப்பு நிறத் தத்துப்பூச்சி, நெல்லின் தூரில், நீர் மட்டத்திற்குச் சற்று மேலே கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். நெருக்கமான நடவு, அளவு மீறிய யூரியா, நாள் கணக்கில் தேங்கிய நீர் மூன்றும் சேர்ந்தால் தூரடியில் புழுக்கம் உண்டாகிறது. புகையானுக்கு அதுவே சொர்க்கம்! பயிர் வட்ட வட்டமாகக் கருகிப் புகை பிடித்தாற்போல் நிற்கும். 1973-74இல் கேரளத்துக் குட்டநாட்டை வாட்டியது இதுதான்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்குக் கூறும் வழிகளில் இரண்டு செலவில்லாதவை. 8 அடிக்கு 1 அடி பட்டம் விட்டு நடுவது ஒன்று. நீரை வடித்து, வயலைக் காயவிட்டுப் பாய்ச்சுவது மற்றொன்று. கூண்டுப்புழுவுக்கும் வடிப்பதே வைத்தியம். இலைத் துண்டைச் சுருட்டிக் கூடு செய்து நீரில் மிதந்து செல்லும் அப்புழு, நீரின்றி வாழாது. ஆனால் நாற்றங்காலில் இலைப்பேன் வந்தால் கதை நேர்மாறு. அங்கே நாற்று மூழ்க நீர் கட்ட வேண்டும். எனவே 'காயவிடு' என்பதும் எல்லாப் பூச்சிக்குமான மந்திரமன்று.

கேட்பதற்கு எளிது, செய்வதற்கு? கல்லணைக் கால்வாய் பாயும் எங்கள் பூதலூர்ப் பக்கம் பல இடங்களில் தண்ணீர் வயலிலிருந்து வயலுக்கே பாய்கிறது. நான் வடித்த நீர் எங்கே போகும்? அடுத்தவர் வயலுக்குத்தான். முறை வைத்துத் தண்ணீர் விடும் ஆண்டில், கைக்கு வந்த நீரை வடிக்க எந்த உழவருக்கு மனம் வரும்? அடுத்த முறை எந்த நாள் என்று உறுதியாகத் தெரிந்தாலல்லவா வடிப்பார்! ஐப்பசி அடைமழையிலோ, வடிகால் தூர்ந்து கிடந்தால் வடிக்கவே வழியில்லை.

வடிக்க இயலாதவர் மருந்துக் கடைக்குப் போகிறார். பைரித்ராய்டு வகை மருந்தை வாங்கித் தெளித்தால், புகையானைத் தின்னும் சிலந்தியும் அதன் முட்டையை உறிஞ்சும் நாவாய்ப்பூச்சியும் மடிகின்றன. புகையான் முன்னிலும் பெருகுகிறது. காசும் போய், கதிரும் போகிறது.

"ஏன் வடிக்கவில்லை?" என்று உழவரைக் கேட்பதில் பொருளில்லை என்பது என் கருத்து. ஒரு மடையின் கீழுள்ளவர்கள் கூடிப் பேசி ஒரே நாளில் வடிக்க வேண்டும். அதற்கு முறை நாளை முன்கூட்டியே ஊரில் எழுதிப் போட வேண்டும். ஆறும் வாய்க்காலும் தூர்வாரும்போது சின்ன வடிகால்களையும் சேர்த்தே வார வேண்டும், அதுவும் சம்பா நடவுக்கு முன்பாக.