பெயரைப் பார்த்து மருந்து வாங்காதீர்கள் பிள்ளைகளே

பதிவு கொஞ்சம் நீளம்தான். வீட்டில் வலிப்பு உள்ள குழந்தை இருந்தால் கடைசி வரை படியுங்கள்.

போன வாரம் நம் உறவில் ஒரு தாய் வாட்ஸ்அப்பில் ஒரு பாட்டில் படம் அனுப்பினார். "மாமா, பையனுக்கு வலிப்பு நிற்குமாம். கஞ்சாதானாம், ஆனா போதை வராத சி.பி.டி. ரகமாம். பேர் சார்லட்ஸ் வெப். வாங்கலாமா?" இந்தக் கேள்வி இன்னும் பலர் மனதில் இருக்கும் என்பதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெயரின் கதை. அமெரிக்காவின் கொலராடோவில் சார்லட் ஃபிகி என்ற சிறுமிக்கு டிராவெட் என்னும் கடுமையான வலிப்பு நோய் இருந்தது. ஸ்டான்லி சகோதரர்கள் வளர்த்த ஒரு கஞ்சாச் செடியின் எண்ணெய் அவளுக்குக் கொடுக்கப்பட்டது, வலிப்பு வெகுவாகக் குறைந்தது. 2013இல் சி.என்.என். தொலைக்காட்சி அதைக் காட்டியதும் உலகமே பேசியது. அந்தச் செடியில் போதை இல்லாததால் அதற்கு முதலில் வைத்த பெயர் 'ஹிப்பிகளின் ஏமாற்றம்'. பிறகுதான் சிறுமியின் பெயரைச் சூட்டினார்கள். செடி அதேதான், பெயர் மட்டும் மாறியது. 'கேனடானிக்', 'ஏசிடிசி', 'ஹார்லிகுவின்' எல்லாம் இப்படி வளர்ப்பவர்கள் வைத்த பெயர்கள்தான்.

சரி, பெயருக்குள் சரக்கு என்ன? பத்தாம் வகுப்பில் படித்த மெண்டலின் பட்டாணியை நினைத்துக்கொள்ளுங்கள். கஞ்சாச் செடி முதலில் சி.பி.ஜி. அமிலம் என்ற மூலப்பொருளைத் தயாரிக்கிறது. அதை ஒரு நொதி போதை தரும் டி.எச்.சி. பக்கம் திருப்பும், இன்னொரு நொதி போதை தராத சி.பி.டி. பக்கம் திருப்பும். எந்த நொதி என்பதைத் தாயும் தந்தையும் கொடுக்கும் மரபணு தீர்மானிக்கிறது. இரண்டு பக்கமும் சி.பி.டி. வந்தால் சி.பி.டி. செடி. இரண்டும் டி.எச்.சி. என்றால் போதைச் செடி. ஒன்றுக்கு ஒன்று என்றால் இரண்டும் கலந்த செடி. 2003இல் டி மெயர் குழுவினர் இதைக் கலப்பு செய்து காட்டினார்கள். கலப்புச் செடிகள் இரண்டைச் சேர்த்தால் பிள்ளைச் செடிகள் 1:2:1 என்று பிரியும். அதாவது நாலில் ஒன்று முழுப் போதைச் செடி!

நத்தம் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஒட்டுக்கன்று தாய் மரம் போலவே காய்க்கும். கொட்டை போட்டு முளைத்தது என்ன காய்க்கும் என்று எவர் சொல்ல முடியும்? கஞ்சாவிலும் தண்டு வெட்டி நட்டால்தான் அதே செடி, விதை என்றால் அதே பெயரில் வேறு செடி.

2015இல் கனடாவில் மரபணுக்களைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே பெயருள்ள மாதிரிகளை ஒப்பிட்ட 17 இடங்களில் 6இல், ஒரு மாதிரி தன் பெயருடையதைவிட வேறு பெயருடையதற்கே நெருக்கமாக இருந்தது. நம் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரை யார் போடலாம் என்பதற்குப் பதிவும் சட்டமும் உண்டு. கஞ்சா ரகப் பெயர்களுக்கு அப்படி ஒரு காவல் இல்லை.

பாட்டில் லேபிளும் அப்படித்தான். இணையத்தில் விற்ற 84 சி.பி.டி. பொருட்களை 2017இல் அமெரிக்காவில் சோதித்ததில், 26இல் மட்டுமே அளவு சரியாக இருந்தது. 18இல் போதைப்பொருளான டி.எச்.சி. இருந்தது. குழந்தைக்குக் கொடுக்கிற பொருள் இது!

சி.பி.டி.யே பொய் என்று நான் சொல்லவில்லை. அதே 2017இல் டிராவெட் நோயுள்ள 120 பேரிடம் நடந்த சோதனையில், மருந்து எடுத்தவர்களுக்கு மாதம் 12.4 ஆக இருந்த வலிப்பு 5.9 ஆகக் குறைந்தது. வெற்று மருந்து எடுத்தவர்களுக்கு 14.9 என்பது 14.1 ஆனது, அவ்வளவுதான். 2018இல் 'எபிடியோலெக்ஸ்' என்ற மருந்துக்கு அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. அது ரகப் பெயரை நம்பிய மருந்தல்ல. சுத்திகரித்து, ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் என்று அளந்த மருந்து. வழக்கமான வலிப்பு மாத்திரைகளை நிறுத்தாமல், அவற்றோடு சேர்த்துக் கொடுத்தார்கள். வால்ப்ரோயேட் எடுக்கும் சில பிள்ளைகளுக்குக் கல்லீரல் பாதிப்பும் தெரிந்தது. ஆகவே இரத்தப் பரிசோதனை அவசியம்.

ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். அந்தச் சோதனையில் கொடுத்தது கிலோவுக்கு 20 மில்லிகிராம். 15 கிலோ குழந்தைக்கு ஒரு நாளைக்கு 300. முழு பாட்டிலிலும் 300 மில்லிகிராம்தான் என்று லேபிள் சொன்னால், அது ஒரு நாளைக்குத்தான் காணும். விற்பவரோ தினம் நாலு சொட்டு போதும் என்பார்.

இளவட்டங்களுக்கும் ஒரு வார்த்தை. 'இடுக்கி கோல்டு', 'ஷீலாவதி' என்று பெயர் சொல்லி விற்பதும் இதே வியாபாரம்தான். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் ரகப் பெயரைக் கேட்பதில்லை. பூக்கும், காய்க்கும் நுனி என்றால் அது கஞ்சா. "சி.பி.டி. ரகம்தான் சார்" என்பது அங்கே செல்லாது.

அந்தத் தாய்க்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். பாட்டிலை நரம்பியல் மருத்துவரிடம் காட்டாமல் ஒரு சொட்டும் கொடுக்காதீர்கள். அந்தத் தொகுதி எண்ணுக்கான ஆய்வக அறிக்கையில் சி.பி.டி. எவ்வளவு, டி.எச்.சி. எவ்வளவு என்று கேளுங்கள். அறிக்கை இல்லை என்றால் பேச்சே வேண்டாம். எதற்காகவும் வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு அடுக்கடுக்காக வந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

பெயர் அழகாக இருக்கலாம். பிள்ளையின் உடம்புக்குள் போவது அளவு மட்டும்தான். தேவைப்படுகிறவர்களுக்கு இதை அனுப்பி வையுங்கள்.